தவிட்டோடு போகிற சத்து: தானியத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?



உள்கடன் வாங்கும்போது தீர்மான நோட்டில் காரணம் எழுதுகிறோம் இல்லையா? அதில் "மருத்துவச் செலவு" என்று ஒரு வரிகூட இல்லாத குழு நம்ம பக்கத்தில் இருக்காது. மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை எங்கே போனாலும் இதே கதைதான். அந்த வரிக்குப் பின்னால் என்ன நோய் என்று கேட்டால் பிரஷர், சர்க்கரை, நெஞ்சு வலி, பக்கவாதம் என்று வரிசையாகச் சொல்வார்கள். பேர்தான் நாலு. நாலிலும் அடிபடுகிற இடம் ஒன்றுதான், ரத்தக் குழாய். அது இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம். சிறுநீரகத்தில் கெட்டால் டயாலிசிஸ் வரைக்கும் கொண்டு போய்விடும். சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்குகிற ஆளுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயதில் இது வந்தால் சம்பளம் நிற்கும், கடன் ஏறும். பார்த்துக்கொள்கிற வேலை யார் தலையில் விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க எடுத்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று 2023-ல் வெளிவந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 35 பேருக்கு மேல் ரத்த அழுத்தம், 11 பேருக்கு மேல் சர்க்கரை என்று அதில் தெரிந்தது. உங்கள் குழுவில் 15 பேர் என்றால், 5 பேருக்கு பிரஷர் இருக்கலாம். அதில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் பிரஷர் வலிக்காது.

இதற்குக் காரணம் பல. உப்பு, புகையிலை, உட்கார்ந்தே செய்கிற வேலை, தூக்கமில்லாத ராத்திரி ஷிப்டு, பரம்பரை எல்லாம் உண்டு. இந்த இதழில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம்ம தட்டில் அதிகமாக இருப்பது எது? சோறு. அதற்கும் ரத்தக் குழாய்க்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போமா?

முதலில் குழாயைப் பற்றி

பூண்டி ஏரியிலிருந்து புழலுக்குத் தண்ணீர் போகிற கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். கரை நன்றாக இருந்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும். கரை பெயர்ந்த இடத்தில் மண் சேரும், செடி முளைக்கும், தண்ணீர் தேங்கும். ரத்தக் குழாயும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் உள்பக்கம் வழவழப்பாக ஒரு பூச்சு இருக்கிறது. ஒரே ஒரு அடுக்கு செல்கள்தான், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது.

ஆனால் கால்வாய்க்கு உயிர் கிடையாது, இந்தப் பூச்சுக்கு உயிர் உண்டு. ரத்தம் வேகமாக வரும்போது இது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற ஒரு வாயுவைக் கொஞ்சமாக விடும். அது பட்டதும் குழாயின் தசை தளர்ந்து, குழாய் விரிந்து கொடுக்கும். ரத்தம் சுலபமாகப் போகும், அழுத்தமும் குறையும். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அமெரிக்க விஞ்ஞானிகள் மூன்று பேருக்கு 1998-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த வாயு குறைந்தால் குழாய் விறைத்துப் போகும். பூச்சில் அங்கங்கே காயம் ஏற்பட்டு, அந்த இடத்தில் கெட்ட கொழுப்பு நுழைந்து படியும். வருஷக் கணக்கில் படிந்து படிந்து ஒருநாள் அது வெடிக்கும், அதன் மேல் ரத்தம் உறையும். மாரடைப்பு என்று நாம் அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறோம். உள்ளே வேலை 20 வருஷமாக நடந்திருக்கும்.

இந்தப் பூச்சைக் கெடுப்பவற்றில் ஒன்று, சாப்பிட்டவுடன் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுவது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் சில மணி நேரத்துக்குக் குழாய் விரிந்து கொடுக்கிற சக்தி குறைகிறது என்று பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் என்றால், அந்தக் குழாய்க்கு ஓய்வு எப்போது?

மில்லில் என்ன நடக்கிறது?

செங்குன்றம் பக்கம் போனால் ரைஸ் மில்கள் வரிசையாக இருக்கும். நெல்லில் முதலில் உமி போகும். உமியை நாம் சாப்பிட முடியாது, அது போகட்டும். உமி போனதும் கிடைப்பது பழுப்பு அரிசி. அதன் மேல் மெல்லிய தோலாகத் தவிடு, ஒரு ஓரத்தில் முளைக்கரு. அதற்குப் பிறகுதான் தீட்டுகிறார்கள். பழுப்பு அரிசியின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு தவிடாகப் போய்விடும். மிஞ்சுகிற வெள்ளை அரிசி பெரும்பாலும் மாவுச்சத்து. எடையில் பத்தில் ஒரு பங்குதான் போகிறது, ஆனால் நார்ச்சத்து, பி வைட்டமின், மக்னீசியம் ஆகியவற்றில் பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது. தவிடு எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. நம்ம மாட்டுக்கு நல்ல சாப்பாடு, நமக்கு வெள்ளைச் சோறு!

அந்தத் தவிட்டில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. செடி தன்னைப் பூச்சி, பூஞ்சை, வெயில் இவற்றிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளத் தானே செய்துகொள்ளும் பொருள்கள். தாவர வேதிப்பொருள்கள் என்று சொல்வார்கள். பேர் வாயில் நுழையாது, ஆனால் மூன்றை மட்டும் தெரிந்துகொள்வோம்.

ஒன்று பெருலிக் அமிலம். அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு, மக்காச்சோளம், சிறுதானியம் எல்லாவற்றின் தோலிலும் இருக்கிறது. இது தனியாக இருக்காது, நாரோடு இறுக்கமாகக் கட்டிப்போட்டது போல இருக்கும். வயிற்றில் அந்தக் கட்டு அவிழாது. பெருங்குடலுக்குப் போன பிறகு அங்கே இருக்கிற நல்ல கிருமிகள் நாரைத் தின்று, இதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். சோதனைச்சாலையிலும் விலங்குகளிலும் செய்த ஆய்வுகளில், இது அந்த நைட்ரிக் ஆக்ஸைடு வீணாகிப் போகாமல் காப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஒரைசனால். இது அரிசித் தவிட்டுக்கே உரியது என்று சொல்லலாம். தவிட்டு எண்ணெய் டின்னில் இந்தப் பேரைப் பார்த்திருப்பீர்கள். தவிட்டு எண்ணெய் கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. அதற்காக எண்ணெயைக் கூடுதலாக ஊற்றலாம் என்று அர்த்தம் இல்லை. எந்த எண்ணெயானாலும் அளவுதான்.

மூன்றாவது தோலுக்கு நிறம் கொடுப்பவை. கருப்புக் கவுனியின் கறுப்பு, மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பு, கேழ்வரகின் செம்பழுப்பு எல்லாம் இந்தச் சேர்க்கைகள்தான். துவர்ப்பும் இவற்றால்தான் வருகிறது.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது நம்ம மாவட்டத்துப் பெருமை ஒன்று ஞாபகம் வருகிறது. திருவள்ளூர் பக்கத்தில் திரூரில் 1942 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. திரூர்குப்பம் என்ற பெயரின் சுருக்கம்தான் டி.கே.எம். அதில் 1978-ல் வெளியிட்ட டி.கே.எம். 9 சிவப்பு அரிசி ரகம். சொர்ணவாரிப் பட்டத்துக்கு ஏற்றது என்று நம்ம விவசாயிகள் போட்டார்கள். சிவப்பு அரிசிக்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, நம்ம மண்ணிலேயே அது உண்டு. ஒன்று மட்டும் கவனம். சிவப்பு இருப்பது தோலில். முழுசாகத் தீட்டிவிட்டால் சிவப்பு அரிசியும் வெள்ளை அரிசியாகிவிடும்.

புழுங்கல் சோறு கெட்டதா?

இதைக் கட்டாயம் சிலர் கேட்பீர்கள். இல்லை, அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஒரு பழைய கதை கேளுங்கள். மில் வந்த காலத்தில் பெரிபெரி என்று ஒரு நோய் பரவியது. கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், இதயம் செயலிழக்கும். ஜாவா தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் 1890-களில், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு அதே மாதிரி நோய் வருவதையும், தவிடு கொடுத்தால் குணமாவதையும் கண்டார். இதற்காக 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம்ம பழைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திரக் கடலோரத்தில் மில் பச்சரிசி சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் வந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்ப் பகுதியில் பெரிதாக வரவில்லை. ஏன்? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் அய்க்ராய்டு என்பவரும் மற்றவர்களும் 1930-களில் இதையெல்லாம் விளக்கமாக ஆராய்ந்தார்கள். நம்ம பாட்டிமார்களுக்குப் பேர் தெரியாது, பலன் தெரியும்!

ஆகவே பச்சரிசியை விடப் புழுங்கலரிசி பரவாயில்லை. ஆனால் நார்ச்சத்தும் நான் மேலே சொன்ன தோல் பொருள்களும் புழுங்கலிலும் தீட்டும்போது போய்விடுகின்றன.

அளவும் முக்கியம். 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வருஷக் கணக்கில் கவனித்த ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. சென்னை டாக்டர் மோகன் குழுவினரும் அதில் உண்டு. தினம் 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை நோய் அதிகம் வந்தது. எல்லா நாடுகளையும் சேர்த்தால் 20 சதவீதம் அதிகம், நம்ம தெற்காசியாவில் மட்டும் 61 சதவீதம் அதிகம். 450 கிராம் என்பது வெந்த சோற்றின் எடை. மதியம் ஒரு தட்டு, ராத்திரி ஒரு தட்டு போட்டாலே தாண்டிவிடும்.

அதே சென்னைக் குழுவினர் 2014-ல் வெளியிட்ட சின்ன ஆய்வில், வெள்ளை அரிசிக்குப் பதில் பழுப்பு அரிசி கொடுத்து, நாள் முழுக்கச் சர்க்கரை ஏற்றத்தை மெஷின் வைத்து அளந்தார்கள். சுமார் 20 சதவீதம் குறைந்தது. பருப்பு வகையும் சேர்த்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்தது. பிறகு மூன்று மாதம் வைத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், எல்லோருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உடல் எடை கூடி, சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. இதையும் சொல்லத்தானே வேண்டும்?

இதயத்தைப் பற்றி உலகம் முழுக்க நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2016-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். தினம் 90 கிராம் முழுத் தானிய உணவு சாப்பிடுபவர்களுக்கு இதயக் குழாய் நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இதில் எவ்வளவு நாரால், எவ்வளவு மக்னீசியத்தால், எவ்வளவு பெருலிக் அமிலத்தால் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எல்லாம் ஒரே தோலில் சேர்ந்து இருக்கின்றன. அதனால் யாராவது இந்தச் சத்தை மட்டும் பிழிந்து மாத்திரையாகவோ பவுடராகவோ ஆயிரம் ரூபாய்க்கு விற்க வந்தால் வாங்காதீர்கள். முழுத் தானியத்துக்குத்தான் ஆதாரம் இருக்கிறது, டப்பாவுக்கு இல்லை.

கேவுரு இருக்கும்போது கவலை எதற்கு?

ஆடி மாசம் பெரியபாளையத்தம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். மற்ற மாசத்தில் ஏன் மறந்துவிடுகிறோம் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. கேழ்வரகு ஒரு விசேஷமான தானியம். அதன் தோல் உள்ளே இருக்கிற மாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அரிசி மாதிரிச் சுலபமாகத் தீட்ட வராது. அதனால் அப்படியே முழுசாக அரைக்கிறோம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகிலும் கம்பிலும் முழுக் கோதுமையிலும் 11 கிராம், சோளத்தில் 10 கிராம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் 364 மில்லிகிராம்.

ஆனால் வீட்டில் நாம் ஒரு வேலை செய்கிறோம். மாவை நைசாகச் சலித்து, மேலே நிற்கிற திப்பியைக் கொட்டிவிடுகிறோம். கொட்டுவதுதான் தோல்! கைக்குழந்தைக் கஞ்சிக்குச் சலிக்கலாம், தப்பில்லை. பெரியவர்களுக்குக் களி, கூழ், அடை செய்யும்போது சலிக்காதீர்கள்.

சாமை, தினை, வரகு வாங்கும்போதும் கவனம். கடையில் பளபளவென்று வெள்ளையாக இருப்பது நன்றாகத் தீட்டியது. சிறுதானியம் என்ற பேர் மட்டும்தான் மிஞ்சும், விலை மட்டும் அரிசியைவிட அதிகம். கொஞ்சம் மங்கலாக, மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். "ராகி பிஸ்கட்", "பிரவுன் பிரெட்" என்று வருவதைத் திருப்பிப் பாருங்கள். அதில் சேர்ந்திருப்பவற்றை அதிகம் இருப்பதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் பேரே மைதா என்றால் அது மைதா பிஸ்கட்தான். சிப்காட் பக்கம் தங்கி வேலை செய்கிற வடநாட்டுத் தம்பிகள் ராத்திரி சுடுகிற கோதுமைச் சப்பாத்தி, நம்ம ஆட்கள் கடையில் வாங்குகிற பரோட்டாவைவிட எத்தனையோ மேல்.

ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கும்போது காசு கொடுத்துக் கேழ்வரகு வாங்கு என்று சொன்னால் யார் கேட்பார்கள்? நியாயம்தான். 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நம்ம மாவட்டத்துக்கும் கேட்டு கிராம சபையில் ஒரு தீர்மானம் போடலாமே. அதுவரைக்கும் எல்லாச் சோற்றையும் மாற்ற வேண்டாம். ஒரு நாளில் ஒரு வேளை மாற்றினால் போதும். இட்லிக்கு 4 டம்ளர் அரிசி போடுகிற இடத்தில் 2 அரிசி, 2 கேழ்வரகோ கம்போ போடுங்கள். பழுப்பு அரிசி என்றால் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீர் கூட வைத்து, விசில் இரண்டு கூட விடுங்கள். இல்லாவிட்டால் பல்லில் கடிபடும், வீட்டில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். பகல் ஷிப்டு போகிறவர்களுக்குக் கூழைக் கரைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயம் போட்டு பாட்டிலில் கொடுத்து அனுப்பலாம். கேண்டீனில் மதியச் சாப்பாட்டை அள்ளிப் போடுவது தானாகக் குறையும். கூழுக்குத் தொட்டுக்கொள்ளப் பழவேற்காட்டுக் கருவாடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிரஷர்காரருக்கு அந்த உப்பு ஆகாது, கீரையோ பச்சை வெங்காயமோ வையுங்கள்.

காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இந்தத் திட்டம், கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-ல் நம்ம மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் விரிவாக்கப்பட்டது. உள்ளூரில் கிடைக்கிற சிறுதானியத்தை வாரத்தில் இரண்டு நாளாவது சேர்க்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். வெள்ளை ரவையும் சேமியாவும் தீட்டிய கோதுமைதான். பிள்ளைகளின் நாக்கு இந்த வயதில் எதற்குப் பழகுகிறதோ அதுதான் நிற்கும்.

ரத்தசோகை இருப்பவர்கள் கவனிக்க

நம்ம பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ரத்தக் குழாய்க்கு நல்லது செய்கிற அதே துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. அதற்காகக் கேழ்வரகை விட வேண்டாம். முளைகட்டி அரைப்பது, கூழை ஒரு ராத்திரி புளிக்கவிடுவது இரண்டும் இந்தத் தடையைக் குறைக்கும். கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஏதாவது ஒன்று. டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரும்புச் சத்து மாத்திரையைக் கூழோடு சேர்த்து விழுங்காதீர்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள், கூழ் குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து. உணவு மாத்திரைக்குத் துணை, பதில் அல்ல. 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக பிரஷர் பார்த்தவர்கள் பலர் நம்ம குழுச் சகோதரிகள்தான். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை விழுந்துபோனாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் உடனே 108. உறைந்த ரத்தத்தைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

மாவு வியாபாரம் செய்கிற குழுக்களுக்கு

தோலோடு அரைத்த மாவில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். அதனால்தான் பெரிய கம்பெனிகள் தவிட்டை எடுத்துவிடுகின்றன. நமக்கு அந்தப் பிரச்சினை வேண்டாம் என்றால் மொத்தமாக அரைத்து அடுக்காமல், ஆர்டருக்கு ஏற்ப வாரா வாரம் அரையுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணை அட்டையில் போடுங்கள். "சர்க்கரையைக் குணமாக்கும்", "மாரடைப்பைத் தடுக்கும்" என்றெல்லாம் அச்சடிக்காதீர்கள். 2006 சட்டப்படி பொய்யான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. "தோல் நீக்காத, சலிக்காத மாவு" என்று போட்டாலே போதும், அது உண்மை, அதற்குத்தான் விலை. அரைத்த தேதியைப் பாக்கெட்டில் பெரிதாக எழுதுங்கள். வெயில் காலத்தில் ஒரு மாசம் தாண்டினால் பிரித்து முகர்ந்து பாருங்கள். வாடை வந்திருந்தால் அந்த மாவு மாட்டுத் தொட்டிக்கு.